மணிபிளான்ட் வாடும்போது: அறிகுறி பார்த்து, செடியையும் உள்ளத்தையும் சரிசெய்வது

எங்கள் வீட்டு மணிபிளான்ட், சர்ச்சில் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எடுத்தது. நர்சரியில் 50 ரூபாய்க்குக் கிடைக்கும் செடி. கோவில் காரியம், எதிர்த்துக் கேட்டவரும் விடவில்லை, கடைசியில் 400 ரூபாய்க்கு என் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து அதை மூன்று தடவை சாகும் நிலைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். மூன்று தடவையும் காரணம் நான்தான்.

அதே வருடங்களில் என் ஜெபமும் பலமுறை வாடியது. செடியில் பழுது தேடிப் பழகிய பிறகுதான் இங்கேயும் அதே வரிசையில் தேடலாம் என்று புரிந்தது. அதனால் இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறேன். சர்ச்சின் ஓய்வுநாள் பள்ளியில் (சண்டே ஸ்கூல்) பாடம் எடுக்கிறவள், எதைப் பார்த்தாலும் வசனம் தேடும் பழக்கம் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயன்படுத்தும் விதம் சுலபம். உங்கள் அறிகுறி எந்தத் தலைப்போ அங்கே போங்கள். காசு செலவில்லாத சோதனை முதலில் இருக்கும், செலவு வைப்பது கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் பத்து நாள் பொறுங்கள். இடம், மண், தண்ணீர், உரம் நான்கையும் ஒரே சனிக்கிழமையில் மாற்றினால் எது காப்பாற்றியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு விளக்குமாற்று ஈர்க்கு, பழைய செய்தித்தாள், கூர்மையான கத்தி, வேப்பெண்ணெய். உள்ளத்துக்கு: ஒரு நோட்டுப் புத்தகம், உங்களிடம் முகத்துக்கு நேராக உண்மை சொல்லும் ஓர் ஆள்.

எதையும் தொடங்கும் முன் கையிலிருக்கும் செம்பைக் கீழே வையுங்கள்.

## அறிகுறி: இலைகள் மஞ்சளாகின்றன

அடியில் இருக்கும் கிழட்டு இலை, மாதத்துக்கு ஒன்றிரண்டு. பழுதில்லை. கிள்ளிப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

ஒரே வாரத்தில் நாலைந்து இலை. விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். பெரிய தொட்டி என்றால் ஈர்க்கை அடிவரை செருகி, ஐந்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். ஈரமும் மண்ணும் ஒட்டி வந்தால் தொடர்ந்து படியுங்கள். காய்ந்து வந்தால் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

ஈரமாக இருந்தால், தொட்டியைத் தூக்கி அடியைப் பாருங்கள். நான் ஏமாந்தது இங்கேதான். அழகுக்காக வாங்கிய பீங்கான் சாடிக்குள் பிளாஸ்டிக் தொட்டியோடு இறக்கி வைத்திருந்தேன். செடி தலை தொங்கிக் கிடந்தது. தாகம் என்று நினைத்துத் தினமும் ஊற்றினேன். மூன்றாவது வாரம் தூசி துடைக்கத் தொட்டியைத் தூக்கியபோது சாடிக்குள் நாலு விரல் உயரத்துக்குக் கருப்புத் தண்ணீர், சாக்கடை வாடை. வேர்கள் அதில் ஊறிக் கிடந்தன. விசாரித்தால், ஊற்றியது நான் மட்டும் இல்லை.

“வாடிக் கெடந்துச்சே பிள்ள, பாவமேன்னு நானும் ஒரு செம்பு ஊத்துனேன்” என்றார் அத்தை.

“எப்ப அத்தை?”

“தெனமுந்தான்.”

தண்ணீர் கூடிப்போன செடியும் தண்ணீர் இல்லாத செடியும் ஒரே மாதிரிதான் தலை தொங்கும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தில் சாகும். பார்க்கிறவர்கள் இரக்கப்பட்டு இன்னும் ஊற்றுவார்கள்.

செய்ய வேண்டியது:

சாடியைக் காலி செய்யுங்கள். வாடை இல்லையென்றால் அது போதும். மேல்மண் இரண்டு அங்குலம் காயும்வரை ஒரு சொட்டுகூட வேண்டாம். எங்கள் பாளையங்கோட்டை வெயிலுக்கே வீட்டுக்குள் இருக்கும் தொட்டி காய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

வாடை இருந்தால் செடியை உருவிச் செய்தித்தாள் மேல் போடுங்கள். வெள்ளையாக, தொட்டால் விறைப்பாக இருக்கும் வேரை விடுங்கள். பழுப்பாகி, பிதுக்கினால் தோல் மட்டும் கையோடு வரும் வேரை இரக்கமில்லாமல் வெட்டுங்கள். சில மணி நேரம் நிழலில் ஆறவிட்டு, செம்மண், மணல், கொஞ்சம் மண்புழு உரம் கலந்த புது மண்ணில், அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் வையுங்கள். அதற்கு மேல் ஒரு மாதத்துக்கு வேறு உரம் கூடாது. நோயாளிக்குப் பிரியாணி கொடுக்கிற கதையாகிவிடும்.

உள்ளத்தில் இதே பழுது. அந்த வருடம் எனக்கு ஞாயிறு ஆராதனை, புதன் வீட்டு ஜெபக்கூட்டம், வெள்ளி உபவாசம், விடிந்ததும் வாட்ஸ்அப்பில் மூன்று தியான ஒலிப்பதிவுகள், சமைக்கும்போது யூடியூபில் ஒரு பிரசங்கம். உள்ளே மட்டும் வறட்சி. போதவில்லை போலிருக்கிறது என்று நள்ளிரவு ஜெபச் சங்கிலியிலும் பெயர் கொடுத்தேன். செம்பு, செம்பாக.

சோதனை: கடைசியாகக் கேட்ட மூன்று பிரசங்கங்களில் ஏதாவது ஒன்றிலிருந்து ஒரு வரி சொல்ல முடிகிறதா? அந்த வாரத்தில் அதனால் ஏதாவது ஒன்றைச் செய்தீர்களா, விட்டீர்களா? இரண்டுக்கும் இல்லை என்றால் மண் நிரம்பியிருக்கிறது, மேலே ஊற்றுவது நிற்கிறது.

எங்கள் சேகரத்து ஐயாவிடம், அதாவது போதகரிடம், சொன்னேன். இன்னும் ஊக்கமாக ஜெபிக்கச் சொல்வார் என்றுதான் போனேன். “அம்மா, மார்த்தாளும் இயேசுவுக்காகத்தானே அடுப்படியில ஓடினா?” என்று சிரித்தார். லூக்கா 10-ஆம் அதிகாரத்தை எத்தனையோ தடவை பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். வீட்டுக்கு வந்த இயேசுவின் காலடியில் சகோதரி மரியாள் உட்கார்ந்து கேட்க, மார்த்தாள் பணிவிடையில் ஓடுவாள்; பலதையும் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்பார் இயேசு. நானோ மார்த்தாளைச் சோம்பலற்ற நல்ல பெண் என்றே தாண்டிப் போயிருக்கிறேன். ஞாயிறு ஆராதனை தவிர மற்றதை ஒரு மாதம் நிறுத்தினேன். ஒரு வாரத்துக்கு வேதத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரே சங்கீதம். முதல் வாரம் 131, மூன்றே வசனம். முதல் நான்கு நாள் குற்ற உணர்ச்சிதான் இருந்தது, சமாதானம் எதுவும் வரவில்லை. காய்கிற மண் அப்படித்தான் வெடித்துப் பார்க்க அசிங்கமாக இருக்கும். பயந்து மறுபடி ஊற்றிவிடாதீர்கள்.

## அறிகுறி: தலை தொங்குகிறது, மண்ணும் காய்ந்திருக்கிறது

நிஜமான தாகம். ஊற்றுங்கள். ஆனால் ஊற்றிய தண்ணீர் அரை நிமிடத்தில் அடியில் வந்துவிட்டால் மண் குடிக்கவில்லை என்று அர்த்தம். தேங்காய் நார்க்கழிவு அதிகம் கலந்த மண் ஒருமுறை முற்றிலும் காய்ந்தால் சுருங்கித் தொட்டியை விட்டு விலகிவிடும். தண்ணீர் அந்த இடைவெளி வழியாக ஓடிவிடும். வாளியில் பாதி தண்ணீர் வைத்துத் தொட்டியை அதில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அடியிலிருந்து மெதுவாகக் குடிக்கும். சாயங்காலத்துக்குள் தலை நிமிர்ந்துவிடும்.

உள்ளத்தில். வறண்டு கிடப்பவரிடம் ஒரு மணி நேரம் வசனமாகக் கொட்டினாலும் ஓரமாக ஓடிவிடும். 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்கிறான். வந்த தூதன் உபதேசம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துக்கொள்கிறான். தூதன் கோபப்படவில்லை, இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். தேவன் பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம், நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகு.

எனவே சோதனை வரிசை இது. எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? காலையில் சாப்பிட்டீர்களா, அல்லது பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததா? இவை சரியாக இருந்தும் எப்போதும் அசதி என்றால் இரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். என் சிநேகிதி ஒருத்தி ஆறு மாதம் “ஆவிக்குரிய சோர்வு” என்று உபவாசம் இருந்தாள். கடைசியில் அது இரத்தசோகை.

எப்போது மருத்துவரிடம்: இரண்டு வாரத்துக்கு மேல் மனம் அடியில் கிடக்கிறது, தூக்கமோ பசியோ போய்விட்டது, பிடித்த எதிலும் பிடிப்பில்லை, சாவைப் பற்றி நினைப்பு வருகிறது என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு மனநல மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநல உதவி எண் (டெலி மானஸ்) 14416, கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழிலும் பேசலாம். விசுவாசக் குறைவு என்று சொல்கிறவரிடம் மட்டும் போகாதீர்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போட்டுக்கொண்டே ஜெபிக்கிற நாம் இதற்கு மட்டும் மாத்திரையை ஏன் பாவமாக்கினோம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

## அறிகுறி: இலை நுனி மட்டும் பழுப்பாகக் கருகுகிறது

மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உப்பு. போர் தண்ணீர், ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் தண்ணீர், அளவு மீறிய உரம், இந்த மூன்றில் ஒன்று. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு மட்டும் தங்கிச் சேரும். தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், நல்ல தண்ணீரைத் தொட்டிக் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு ஊற்றி, முழுதும் வடியவிடுங்கள். கருகிய நுனி பச்சையாகாது. புது இலை சுத்தமாக வருகிறதா என்பதுதான் கணக்கு.

வீட்டுச் சண்டையும் அப்படித்தான். சண்டை ஆவியாகிவிடும், சொன்ன சொல் படிந்து நிற்கும். எபிரெயர் 12:15 அதைக் கசப்பான வேர் என்கிறது. யாருடைய பெயரைக் கேட்டதும் உங்கள் பேச்சின் நுனி கருகுகிறதோ, அவரோடுதான் பழுது. மத்தேயு 18:15 சொல்கிற முறை, அவரும் நீங்களும் தனித்திருக்கும்போது பேசுவது. மற்றவர்களிடம் “ஜெபக்குறிப்பு” என்ற பெயரில் சொல்வது அதில் சேராது.

அடி, மிரட்டல் இருக்கிற வீட்டில் இந்த அறிவுரை பொருந்தாது. அங்கே தனியாகப் போய்ப் பேச வேண்டாம்; பெண்கள் உதவி எண் 181.

## அறிகுறி: கொடி நீள்கிறது, இலை சிறுக்கிறது, மஞ்சள் கோடுகள் மறைகின்றன

வெளிச்சம் போதவில்லை. செடி நிற்கும் இடத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்கு போடாமல் செய்தித்தாளின் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் இடம் தவறு. கிழக்கு ஜன்னல் ஓரம் உத்தமம். ஒரேயடியாக மேற்கு வெயிலில் வைத்துவிடாதீர்கள், இரண்டே நாளில் இலை வெந்துபோகும்.

இடம் மாற்றினாலும் ஏற்கெனவே நீண்ட மொட்டைக் கொடியில் இலை திரும்ப முளைக்காது. வெட்டத்தான் வேண்டும். கணுவுக்கு அரை அங்குலம் மேலே, ஒரே வெட்டு. எனக்குக் கை நடுங்கியது. ஆறடிக் கொடி, சுவரைச் சுற்றி வந்து சுவரில் மாட்டியிருந்த வசன அட்டையைத் தொட்டிருந்தது. வந்தவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். கிட்டே போய் எண்ணினால் ஆறடிக்குப் பதினோரு இலை. வெட்டிய மூன்றாவது வாரம், வெட்டுக்குக் கீழே இருந்த கணுவில் அரிசி மணி அளவு பச்சை முனை ஒன்று எட்டிப்பார்த்தது. அதற்கடுத்த வாரம் அதன் எதிர்ப்பக்கம் இன்னொன்று.

இங்கே யோவான் 15:2 தானாக நினைவுக்கு வரும்: “கனிகொடுக்கிற கொடி எதுவோ, அது அதிக கனிகளைக் கொடுக்கும்படி, அதைச் சுத்தம்பண்ணுகிறார்.” சுத்தம்பண்ணுவது என்றால் இங்கே கத்தரிப்பது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வசனத்தைத் துக்க வீட்டில் சொல்லாதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் “கர்த்தர் உன்னைக் கத்தரிக்கிறார்” என்று ஒருவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அதற்கு முந்தின வசனத்திலேயே தோட்டக்காரர் பிதா என்று இருக்கிறது. கத்தரிக்கோல் நம் கையில் கொடுக்கப்படவில்லை.

நம்மை நாமே பார்த்துக்கொள்ள மட்டும் இதை எடுத்துக்கொள்ளலாம். நான் பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கம், ஓய்வுநாள் பள்ளி, வீட்டு ஜெபக்கூட்டத்து வரவு செலவு என்று நான்கு இடத்தில் நீண்டிருந்தேன். நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் போன மாதம் அதனால் யாருக்கு என்ன பயன் என்று எழுதிப் பார்த்தேன். பாடகர் குழுவுக்கு எதிரில் “புடவை” என்று எழுத வேண்டியிருந்தது. இரண்டை விட்டேன். கோபித்துக்கொண்டார்கள். வெட்டின இடத்தில் கொஞ்சம் சாறு வடியும், தானாகக் காயும்.

(சாறு என்றதும் ஞாபகம்: மணிபிளான்ட் சாறு வாயில் பட்டால் எரிந்து வீங்கும். தவழும் குழந்தை, பூனை எட்டாத உயரத்தில் வையுங்கள். வெட்டியதும் கையைக் கழுவுங்கள்.)

## அறிகுறி: இலைக் கக்கத்தில் வெள்ளைப் பஞ்சு, தொட்டால் பிசுபிசுப்பு

மாவுப்பூச்சி. பெரும்பாலும் எறும்புதான் முதலில் காட்டிக்கொடுக்கும். தொட்டிமேல் எறும்புச் சாரி ஏறினால் இலையைத் திருப்பிப் பாருங்கள். பூச்சி கழிக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது.

மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு கணுவாகத் துடையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் கரையப் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, சாயங்காலத்தில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, நான்கு வாரம். முதல் வாரத்திலேயே கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அங்கே நிறுத்துகிறவர்களுக்குத்தான் திரும்ப வரும். முட்டை மிச்சமிருக்கும்.

உன்னதப்பாட்டு 2:15 திராட்சத்தோட்டத்தைக் கெடுக்கிற குழிநரிகளையும் சிறுநரிகளையும் பிடிக்கச் சொல்கிறது. என் சிறுநரி, படுக்கையில் கைபேசி. வேதம் படிக்கத்தான் எடுப்பேன், மணி பன்னிரண்டாகும். எறும்பு யார் என்றும் பாருங்கள்: நம் பலவீனத்தால் லாபம் பெறுகிறவர் அதைக் காவல் காப்பார். ஒரு நாள் உருகி அழுது தீர்மானம் எடுப்பது முதல் தெளிப்பு மட்டும். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வாரம் உங்களிடம் “என்ன ஆச்சு?” என்று கேட்க ஓர் ஆளை இப்போதே சொல்லிவையுங்கள்.

எப்போது நிபுணரிடம்: பூச்சி வேர்வரை இறங்கியிருந்தால் செடியை மண்ணோடு கட்டிக் குப்பையில் போடுங்கள், புதுச் செடி மலிவு. மனிதரைத் தூக்கிப்போட முடியாது. குடி, சூதாட்டம் போன்றவை நான்கு வாரத் தெளிப்புக்கு அடங்காதவை. போதகரிடமும் சொல்லுங்கள், அடிமைப் பழக்கத்துக்குச் சிகிச்சை தரும் மருத்துவரையும் பாருங்கள். வருடக்கணக்காகக் குடித்தவர் ஜெபக்கூட்டத்தில் விட்டுவிடுகிறேன் என்று கைதூக்கிவிட்டு அன்றே திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வை வேண்டும்.

## அறிகுறி: மாதக்கணக்கில் ஒரு துளிர்கூட இல்லை

மார்கழி, தை என்றால் பொறுங்கள், குளிர் மாதத்தில் மெதுவாகத்தான் வளரும். மற்ற மாதம் என்றால் அடி ஓட்டை வழியாக வேர் எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள். பார்த்தால் ஒரு சுற்றுப் பெரிய தொட்டி. இல்லையென்றால் மேல்மண்ணை முள்கரண்டியால் கிளறி ஒரு பிடி மண்புழு உரம். லூக்கா 13-இல் மூன்று வருடம் காய்க்காத அத்திமரத்துக்குத் தோட்டக்காரன் கேட்ட தவணையும் இதுதான்: சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன், இந்த வருஷமும் இருக்கட்டும்.

என் மகன் ஒரு துண்டு வெட்டி நட்டுவிட்டு, வேர் விட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்த்து மறுபடி நட்டான். எட்டாம் நாள் அது செத்தது. அவனைத் திட்டிக்கொண்டிருந்தபோது, மாமனாரின் மனமாற்றத்துக்காக ஜெபித்துவிட்டு ஒவ்வொரு ஞாயிறும் அவர் முகத்தைத் துருவிக்கொண்டிருக்கிற நான் யாரைத் திட்டுகிறேன் என்று தோன்றியது. மாற்கு 4-இல் விதைக்கிறவன் இரவில் தூங்குகிறான். விதை அவனுக்குத் தெரியாதவிதமாய் முளைக்கிறது.

## அறிகுறி: எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் பூக்கவில்லை

பழுதில்லை. மணிபிளான்ட் வீட்டில் பூக்காது. பூக்கத் தூண்டும் ஜிப்ரெலின் என்ற ஹார்மோனை அதனால் போதுமான அளவு உண்டாக்க முடிவதில்லை. மாடியில் இருக்கும் மல்லிகையைக் காட்டி அதைக் கேட்காதீர்கள். தேவன் தனக்குச் செய்ததைப் பக்கத்து இருக்கைக்காரர் சாட்சியாகச் சொல்வதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உங்களைக் கேட்பதையும் நிறுத்துங்கள்.

## அறிகுறி: தண்டே அழுகிவிட்டது

மண்ணை ஒட்டிய தண்டு கறுத்துக் கொழகொழவென்று ஆகிவிட்டால் வேரைக் காப்பாற்ற முடியாது. நர்சரிக்காரரிடம் கொண்டுபோனாலும் இதையேதான் செய்வார். மேலே பச்சையாக இருக்கும் கொடியைத் தேடுங்கள். கணுவோடு சேர்த்து நாலு அங்குலம் வெட்டுங்கள். கணு இல்லாத துண்டு வருடம் முழுக்கத் தண்ணீரில் நின்றாலும் கொடியாகாது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கணு முழுகத் தண்ணீர், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளை வேர் வரும். விரல் நீளம் ஆனதும் மண்ணுக்கு மாற்றலாம்.

மூன்றாவது தடவை என் செடி இந்த நிலைக்குப் போனது. ஆறடிக் கொடியில் மிஞ்சியது இரண்டு துண்டு. ஒன்று இப்போது சமையலறை ஜன்னலில் நிற்கிறது, அத்தையின் செம்புக்கு எட்டாத உயரத்தில். இன்னொன்றை இந்த வருடம் அறுப்பின் பண்டிகைக்குக் கொடுக்கிறேன். ஏலத்தில் யார் எடுத்தாலும் சரி, அடியில் ஓட்டை போட்ட மண் தொட்டிதான் கொடுப்பேன். பீங்கான் சாடி அவர்கள் செலவு.